ஒன்றரை மீட்டர் தண்ணீர்

ஜாஸிபின் வீடு ஒன்றரை மீட்டர் ஆழத் தண்ணீரில் நிற்கிறது. இந்தச் செய்தி ஜாஸிபுக்கே தெற்கு ஈராக்கின் நாசிரியா நகரத்துக்குப் போன அன்றுதான் தெரியவந்தது. அதுவரை அந்த அப்பாவி, தன் வீட்டைச் சுற்றி இருப்பது பாளம் பாளமாக வெடித்த களிமண் என்றும், அதில் வெள்ளையாகக் கிடப்பவை செத்த மீன்களின் முள் என்றும், தன் படகு மூன்று வருடமாகக் கோழிகள் அடைகாக்கும் இடமாகிவிட்டது என்றும் நினைத்துக்கொண்டிருந்தான்.

சதுப்பைக் காக்கும் நீர்நில மாண்புப் பேரவையின் எழுத்தர் அவனைச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் முன்னால் நிறுத்தி, 'ஷாகிரின் அப்பா' என்று மகன் பெயரால் மரியாதையாக அழைத்து, பென்சிலால் ஓர் இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"இதோ உங்க வீடு, அபூ ஷாகிர். நீலத்துல இருக்கா? இருக்கு. நீலம்னா ஒன்றரை மீட்டர் ஆழம். வறண்ட வீடுங்களுக்குத்தான் தண்ணி லாரி. தண்ணிக்குள்ள இருக்கிற வீட்டுக்குத் தண்ணி லாரி அனுப்பினா எங்களைப் பைத்தியம்னு சொல்ல மாட்டாங்களா?"

"கண்ணு, அந்த நீலம் எங்க அப்பா காலத்து நீலம். இப்போ அங்க எறும்புகூட நாக்கு வறண்டு சாகுது."

"அப்படின்னா உங்க அப்பாவை வந்து மனு குடுக்கச் சொல்லுங்க."

"அவர் செத்துப் பதினோரு வருஷமாச்சு."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றார் எழுத்தர். உண்மையிலேயே அவரால் எதுவும் பண்ண முடியாது. பண்ண முடியாதவர்களைத் தேடித் தேடித்தான் அந்த நாற்காலியில் உட்கார வைப்பார்கள்.

ஜாஸிப் கேட்க வந்தது பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு நாளைக்கு ஒரு லாரி நல்ல தண்ணீர். ஆற்றின் மேல்பக்கம் அணை மேல் அணையாகக் கட்டி மூடிவிட்டார்கள். மிச்சம் வந்ததை மீன் பண்ணைக்காரர்கள் வாய்க்கால் வெட்டித் திருப்பிக்கொண்டார்கள். மேலிருந்து ஆறு வராததால் கீழிருந்து கடல் ஏறி வந்தது. அந்த உப்பைக் குடித்துக் குடித்து ஜாஸிபின் பதினான்கு எருமைகளில் முதலில் கண் போயிற்று, பிறகு பால் போயிற்று, பிறகு உயிர் போயிற்று. மீந்தது மூன்று. அதில் இரண்டு கிழடு. மூன்றாவது ஷம்ஸா, வயிற்றில் கன்று. அது கன்று போட்டால் பால் வரும். பால் வந்தால் அவன் மனைவி ஸப்ரியா பாலாடை எடுத்துச் சந்தைக்குப் போவாள். ஷம்ஸா போய்விட்டால், அவன் அண்ணனைப் போல அவனும் நகரத்து ஓரத்தில் செங்கல் சூளைக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். எருமையோடு பிறந்து எருமையோடு வளர்ந்தவனுக்கு அது பிழைப்பு இல்லை, தண்டனை.

வெளியே வந்தபோது பேரவை முற்றத்தில் ஒரு தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. முற்றத்தின் நடுவில் ஒரு பெரிய செயற்கைக் குளம். பிளாஸ்டிக் நாணல், கண்ணாடியிழையில் செய்த ஓர் எருமை, அதன் மூக்கிலிருந்து பீய்ச்சியடிக்கும் நீரூற்று. லாரிக்காரன் குழாயைக் குளத்துக்குள் விட்டிருந்தான்.

"தம்பி, இந்தத் தண்ணியை எங்கிட்ட குடுத்தா என்ன? எங்கிட்ட நிஜ எருமை இருக்கு."

"குடுக்கலாம் சித்தப்பா. ஆனா இந்த எருமையைப் பாக்கத்தான் அமைச்சருங்க வராங்க" என்றான் லாரிக்காரன்.

ஜாஸிப் சும்மா விடவில்லை. நான்கு முறை வந்து, நான்கு முறை திரும்பி, ஐந்தாவது முறை பேரவைத் தலைவர் முஹன்னதின் அறைக்குள்ளேயே நுழைந்துவிட்டான். தலைவர் கோபப்படவில்லை. அவருடைய பாட்டனும் அதே நாணலில் பிறந்தவர்தான். அதைப் பேட்டிக்குப் பேட்டி சொல்வார்.

"தண்ணி போயிடுச்சுன்னு சொல்லாதீங்க, அபூ ஷாகிர். தண்ணி ஓய்வெடுக்குது" என்றார். "யோசிச்சுப் பாருங்க. இந்தச் சதுப்பு பாதுகாக்கப்பட்ட சதுப்பு. உலகமே பாதுகாக்கச் சொல்லி நம்ம கையில குடுத்திருக்கு. பாதுகாத்த ஒண்ணு எப்படி வத்தும்? வத்திடுச்சுன்னா நாங்க பாதுகாக்கலைன்னு ஆகும். ஆனா நாங்க பாதுகாத்துக்கிட்டுதான் இருக்கோம். இதோ, நூத்தி இருபது பேரு தினமும் வந்து கையெழுத்துப் போட்டுப் பாதுகாக்கிறாங்க. ஆக, வத்தலை."

ஜாஸிப் இதில் எங்கே தப்பு என்று தேடினான். எங்கேயும் தப்பு இல்லை. தண்ணீர் மட்டும்தான் இல்லை.

"வரைபடத்தைத் திருத்தணும்னா அதுக்கும் வழி இருக்கு. முதல்ல நீங்க எங்க சுற்றுச்சூழல் பயிற்சி வகுப்புல தேறணும். இயற்கையைப் பத்தித் தெரியாதவங்க மனுவை நாங்க எடுக்கிறதில்லை."

ஐம்பது வருடமாகச் சதுப்புக்குள் வாழ்ந்த மனிதன் சதுப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு குளிரூட்டிய மண்டபத்தில் போய் உட்கார்ந்தான். அவனைப் போலவே நாற்பது எருமைக்காரர்கள், மீன்காரர்கள், நாணல் வெட்டுகிறவர்கள். ஹைஸம் என்ற பயிற்றுநர் பலகையில் வரிசையாகப் படம் போட்டார். சூரியன், நாணல், மீன், கொக்கு, எருமை. கடைசியில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் ஒரு மனிதன்.

"இது இதைத் தின்னும், இது அதைத் தின்னும். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சங்கிலியா இருக்கு. இந்தச் சங்கிலியை அறுக்கிறது யாரு? சொல்லுங்க பாக்கலாம்."

ஹைஸம் சிவப்பு மனிதனைத் தட்டினார். "மனுஷன்! உள்ளூர் மனுஷன்! எருமையோட குளம்பு மண்ணைக் கெடுக்குது. எருமைச் சாணி தண்ணியைக் கெடுக்குது. நீங்க வெட்டுற ஒவ்வொரு நாணலுக்கும் ஒரு குருவி வீட்டை இழக்குது. இதுக்குப் பேருதான் மனிதத் தாக்கம்."

ஜாஸிபுக்குக் காது சூடேறியது. எழுந்துவிட்டான். "உஸ்தாத், எருமை நடந்தாத்தான் நாணலுக்கு நடுவுல தண்ணி ஓட வழி கிடைக்கும். அது சாணி போட்டாத்தான் மீன் குஞ்சுக்குத் தீனி. வெட்டின நாணல்தான் மறுபடி இளசா வளரும், வெட்டாதது காஞ்சு நெருப்புப் பிடிக்கும். இதெல்லாம் எங்க வீட்டுக் கைக்குழந்தைக்குத் தெரியும். நீங்க போட்ட படத்துல ஒண்ணு குறையுது."

"என்ன குறையுது?"

"அணை. அப்புறம், மேலாத்துல உங்க தலைவரோட மச்சான் மீன் பண்ணை. அதைச் சங்கிலில எந்த இடத்துல போடுவீங்க? கொக்குக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மண்டபமே சிரித்தது. ஹைஸம் சிரிக்கவில்லை. "அது அடிப்படைப் பாடத்துல வராது. மேல்நிலைப் பாடம்" என்றார்.

மேல்நிலைப் பாடம் எப்போது நடக்கும் என்று கேட்டதற்கு, அது மேல்நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று பதில் வந்தது.

சாப்பாட்டு வேளையில் ஆளுக்கு மூன்று பாட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். பாதி குடித்துவிட்டு மேசையில் வைத்துப் போனதையெல்லாம் ஜாஸிப் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பெரிய கேனில் ஊற்றினான். ஷம்ஸாவுக்கு ஒரு வேளைக்கு ஆகுமே. ஹைஸம் அதைப் பார்த்து ஓடிவந்து கைதட்டினார். "பாருங்க! பிளாஸ்டிக்கை எப்படித் திரும்பப் பயன்படுத்துறாரு பாருங்க! ஒரே நாள் வகுப்புல வந்த மாற்றம்!" என்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் பேரவையின் மலரில் வந்தது. ஜாஸிபுக்கு 'சுற்றுச்சூழலின் தோழன்' என்று ஒரு சான்றிதழும் வந்தது. தண்ணீர் வரவில்லை.

அடுத்த மாதம் தலைவர் முஹன்னதே ஜாஸிபின் இடத்துக்கு ஆய்வுக்கு வந்தார். நான்கு வண்டிகளில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து இறங்கிய பன்னிரண்டு பேரும் ஆரஞ்சு நிற மிதவை அங்கி மாட்டியிருந்தார்கள். பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்புக்குள் மிதவை அங்கி இல்லாமல் இறங்கக் கூடாது என்பது விதி. ஐம்பது டிகிரி வெயிலில், வெடித்த களிமண்ணில், மூழ்கிவிடாமல் ஜாக்கிரதையாக நடந்துவந்தார்கள். ஒருவருக்குக் கால் ஒரு வெடிப்புக்குள் போய்ச் சுளுக்கிக்கொண்டது. அவரை நீர் விபத்தில் காயம்பட்டவர் என்று பதிவு செய்தார்கள்.

வந்தவர்களில் அளப்பவர், விருந்தாளிகளுக்கென்று ஜாஸிப் நாணலால் கட்டியிருந்த விருந்துமனையின் தூணருகே போனார். அந்தத் தூணில் பழைய தண்ணீர் நின்ற கறை இடுப்பு உயரத்துக்கும் மேலே பழுப்பாக இருந்தது. அளவுகோலைத் தரையில் ஊன்றி, கறை வரைக்கும் பார்த்து, "ஒன்றரை" என்று கத்தினார். பின்னால் நின்றவர் "ஒன்றரை" என்று எழுதிக்கொண்டார்.

"அது பழைய கறைங்க" என்றான் ஜாஸிப்.

"கறை எங்க நிக்குதோ அங்கதான் தண்ணி. இது உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட முறை" என்றார் அளப்பவர்.

வந்தவர்கள் எப்படிப்பட்டவர்களாக இருந்தாலும் வாசலுக்கு வந்துவிட்டால் விருந்தாளிகள். ஜாஸிப் அவர்களை விருந்துமனைக்குள் உட்கார வைத்து, காப்பியைக் காய்ச்சி, முதல் கோப்பையைத் தலைவரிடம் நீட்டினான். முஹன்னத் அதை வாங்கினார். குடிக்கவில்லை. பாயின் மேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

விருந்தாளி கோப்பையைக் கீழே வைத்தால் அவருக்கு அந்த வீட்டில் ஏதோ ஆக வேண்டும் என்று பொருள். 'குடிங்க, உங்க காரியம் முடிஞ்சது' என்று வீட்டுக்காரன் சொல்லும்வரை காப்பி அங்கேயே ஆறிக் கிடக்கும். குடிக்காமல் அவர் எழுந்து போனால் அந்த வீட்டின் மானம் அவர் பின்னாலேயே எழுந்து போய்விடும். என்ன காரியம் என்று முதலில் கேட்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் கேட்டுவிட்டுக் கொடுப்பவன் கஞ்சன் என்று நினைக்கிற வம்சம் ஜாஸிபுடையது. போதாக்குறைக்கு, தலைவர் தன் தவறை உணர்ந்து வெட்கப்படுகிறார், தண்ணீர் லாரி பற்றிச் சொல்லத்தான் தயங்குகிறார் என்று அவனுக்கு ஒரு நப்பாசை.

"முதல்ல என்னன்னு கேளு மனுஷா!" என்று நாணல் தட்டிக்குப் பின்னாலிருந்து ஸப்ரியா கத்தினாள்.

அதற்குள் ஜாஸிப் சொல்லிவிட்டான்: "குடிங்க உஸ்தாத். என் தலைமேல, கண்ணுமேல. உங்க காரியம் முடிஞ்சது."

முஹன்னத் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதில் ஏற்கெனவே இப்படி அச்சடித்திருந்தது: 'என் இருப்பிடத்தில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் உள்ளது. என் கால்நடைகள் அதில் மனநிறைவுடன் நீந்துகின்றன.'

"வியாழக்கிழமை வெளிநாட்டுலேருந்து பார்வையாளருங்க வராங்க. இதுக்குக் கீழ உங்க கைநாட்டு வேணும். அப்புறம், உங்க எருமைல நல்லா இருக்கிறது ஒண்ணு வேணும். எருமை இல்லாத சதுப்பை யாரு சதுப்புன்னு நம்புவா?"

ஜாஸிபின் முகம் செத்துப்போயிற்று. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அது தெரிந்துதான் அந்த ஆள் கோப்பையைக் கீழே வைத்தார். பாட்டனிடமிருந்து அவர் கற்றுக்கொண்டது அந்த ஒன்றைத்தான். ஜாஸிப் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தான்.

வண்டிகள் போன பிறகு ஸப்ரியா பிடித்துக்கொண்டாள். "காப்பி குடிக்காம போனா போகட்டுமே! அவன் நாக்கு வறண்டா உனக்கென்ன? ஷம்ஸா நாக்கு வறண்டு கிடக்கிறது கண்ணுக்குத் தெரியலையா உனக்கு?"

"வாய் விட்டுச் சொல்லிட்டேன், ஸப்ரியா."

"உன் வாயில மண்ணைப் போட. இப்போ அதுதான் நிறையக் கிடைக்குது."

வியாழனுக்கு இரண்டு நாள் முன்பே இயந்திரம் வந்து சாலையோரமாக ஒரு பள்ளம் தோண்டியது. அதில் பெரிய தார்ப்பாயை விரித்தார்கள். பிறகு லாரி வந்தது. ஒன்றல்ல, இருபத்திரண்டு லாரி. ஐந்து மாதமாக ஒன்று கேட்டும் கிடைக்காத நல்ல தண்ணீர், ஜாஸிபின் கண்ணெதிரே சளசளவென்று பள்ளத்துக்குள் கொட்டியது. நகரத்திலிருந்து நாணலை வேரோடு கொண்டுவந்து ஓரத்தில் நட்டார்கள். அவனுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் ஒரு நிம்மதி இருந்தது. படத்துக்காகவாவது ஷம்ஸா இதில் இறங்கும், இறங்கினால் குடிக்கும். வீட்டில் சொன்னபோது ஸப்ரியாகூட, "வயிறு முட்டக் குடிக்க விடு. அவனுங்க சீக்கிரம் விரட்டினாலும் நகராதே" என்றாள்.

வியாழன் காலையில் தலைவர் குளத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "என்ன இது, டீ மாதிரி இருக்கு? படத்துல அசிங்கமா வரும். நீலமாக்குங்க."

ஆட்கள் ஆறு சாக்குகளை அவிழ்த்துக் கொட்டினார்கள். தண்ணீர் பார்க்கப் பார்க்க மயில் கழுத்து நிறத்துக்கு மாறியது.

"என்னது அது?" என்று ஜாஸிப் கேட்டான்.

"அழகு மருந்து. மீன் பண்ணையில பாசி எடுக்கப் போடுறது. ஒண்ணும் ஆகாது" என்றான் சாக்கைக் கொட்டியவன். பண்ணையில் ஒரு குளத்துக்கு ஒரு கைப்பிடி போடுவார்கள் என்பதை அவன் சொல்லவில்லை. அந்த மருந்துக்கு மயில்துத்தம் என்று பெயர் என்பதையும் சொல்லவில்லை, அவனுக்கே தெரியாது.

பார்வையாளர்கள் ஐந்து பேர் வந்தார்கள். முஹன்னத் கரையில் நின்று பேசினார். "மனிதன் இயற்கையை அழிப்பான் என்று சொல்கிறார்கள். இங்கே வந்து பாருங்கள்! மனிதன் நினைத்தால் இரண்டே நாளில் இயற்கையை உண்டாக்குவான்!" வந்தவர்கள் கைதட்டினார்கள்.

ஷம்ஸா தண்ணீரின் வாசனை பட்டதும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கழுத்து வரை இறங்கி, மூக்கைத் தண்ணீருக்குள் விட்டு, குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. அதன் வயிறு அசைவதைப் பார்த்து ஜாஸிபுக்குக் கண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் வந்த கண்ணீர், அதைத்தான் பிறகு அவனால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பார்வையாளர்களில் ஒரு பெண் அதைப் படம் எடுத்தாள். கால் மணி நேரத்தில் எல்லோரும் கிளம்பிப் போனார்கள். பின்னாலேயே லாரிகள் வரிசையாக வந்து மிச்சத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டன. பேரவை முற்றத்துக் குளத்துக்கு.

மறுநாள் காலை ஷம்ஸாவால் எழ முடியவில்லை. வாயிலிருந்து நீலமாக நுரை வழிந்தது. ஸப்ரியா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள். உள்ளே கன்று இரண்டு முறை உதைத்ததாகச் சொன்னாள். உச்சிவேளைக்குள் ஷம்ஸா செத்தது. கன்றும் உதைப்பதை நிறுத்தியது.

ஜாஸிப் போனில் சொன்னதும், தலைவர் முஹன்னத் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். தண்ணீர் கேட்டால் ஐந்து மாதம் வராதவர்கள், பிணம் என்றால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார்கள். கூடவே ரஃபால் என்ற இளம் கால்நடை மருத்துவரும் வந்தாள். அவள் குனிந்து நுரையைப் பார்த்தாள், ஈறுகளைப் பார்த்தாள், பிறகு எழுந்து பையிலிருந்து இறப்புப் படிவத்தை எடுத்தாள்.

"மூழ்கிடுச்சு. எழுதுங்க டாக்டர்" என்றார் முஹன்னத்.

"என்ன உஸ்தாத்?"

"மூழ்கல். இங்க ஒன்றரை மீட்டர் தண்ணி இருக்கு, இவரே கைநாட்டு வச்சுக் குடுத்திருக்காரு. ஒன்றரை மீட்டர் தண்ணில கிடக்கிற எருமை வேற எப்படிச் சாகும்?" பேசப் பேச அவர் முகம் மலர்ந்தது. "அபூ ஷாகிர், துக்கம்தான், இல்லைங்கல. ஆனா நாட்டை நினைச்சுப் பாருங்க. எருமையே மூழ்கிச் சாகிற அளவுக்கு நம்ம சதுப்புல தண்ணி பெருகியிருக்கு! இதைவிட ஒரு சான்று வேணுமா? ஆண்டறிக்கையில முதல் பக்கத்துலயே போடுறேன். உங்க எருமை சரித்திரத்துல நிக்கும்."

ரஃபாலின் பேனா தாளின் மேல் நின்றுவிட்டது. வெடித்த மண்ணில், செத்த எருமையைச் சுற்றி, சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில் நான்கு பேர் இருந்தார்கள்.

"சரி. மூழ்கினதுன்னே எழுதுங்க" என்றான் ஜாஸிப்.

ஸப்ரியா தலையைத் தூக்கினாள். "அட நாசமாப் போனவனே!"

"இரு. உஸ்தாத், எருமைக் கன்னு பிறந்த அன்னைக்கே நீந்தும். எருமை தானா மூழ்காது. யாராச்சும் தலையைப் பிடிச்சு அமுக்கணும். அமுக்கினவன் பேரை எழுதுங்க. நான் கைநாட்டு வைக்கிறேன்."

முஹன்னத் சிரிக்கப் பார்த்தார். "படிவத்துல அப்படி ஒரு கட்டமே இல்லையே."

ரஃபால் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"சொல்லுங்க மாமா" என்றாள். "இங்க நிறைய இடம் இருக்கு."

"டாக்டர்! உங்களுக்கு வேலை வேணுமா வேண்டாமா?"

அவள் காதில் வாங்கவில்லை. ஜாஸிப் நிதானமாகச் சொன்னான், அவள் எழுதினாள். முஹன்னதின் பெயர். அவர் மச்சான் பெயர். ஆற்றை மூடியவர்கள். கறையை அளந்து தண்ணீர் என்று சொன்னவர். மருந்து கொட்டச் சொன்ன வாய். ஆறு சாக்கு. உள்ளே உதைத்த கன்று. முஹன்னத் தாளைப் பிடுங்கக் கையை நீட்டினார். ஸப்ரியா எழுந்து நடுவில் வந்து நின்றாள். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"அவ்வளவுதானா மாமா?"

"இன்னொண்ணு. ஜாஸிப்னு எழுதுங்க. என்ன ஏதுன்னு கேக்காம சரின்னு சொன்னவன்."

ரஃபால் எழுதிவிட்டு மைப்பெட்டியைத் தேடிப் பையைத் துழாவினாள். ஜாஸிப் காத்திருக்கவில்லை. குனிந்து, ஷம்ஸாவின் வாயோரம் இன்னும் காயாமல் இருந்த நீல நுரையில் கட்டைவிரலைத் தொட்டு, தாளில் அழுத்தி வைத்தான்.